அடுத்தவர் நாயின் கயிறு

சென்ற மாதம், புதிதாக வேலைக்கு வந்திருக்கிற கால்நடை டாக்டர்களான உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். “மேடம், இங்கே நகரத்தில் நாய்களை அவிழ்த்துவிடுவதற்கென்றே பூங்கா திறந்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா, ஆபத்து ஒன்றும் இல்லையே என்று தினமும் நாலு பேர் வந்து கேட்கிறார்கள். அது உங்கள் நாயைப் பொறுத்தது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். சரிதானே?” என்றார்.

சரியில்லை. அது பதிலே இல்லை. தன் நாயைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால் அவர் உங்களிடம் எதற்கு வருகிறார்? ஆனால் அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. வேலையில் சேர்ந்த நாலாவது மாதம் இதே கேள்வி என் மேஜைக்கு வந்தது. நான் செய்த கோளாறில் ஒரு நாயின் உயிரும் ஒரு பெண்ணின் பிழைப்பும் போகப் பார்த்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மருந்து, ஊசி, தையல் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிப் பொழுதைப் போக்க மாட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம், மலையடிவாரத்தில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில் ஓர் ஊர். அங்கே கால்நடை மருந்தகத்தில் எனக்கு முதல் போஸ்டிங். முதல் நாள் காலையில் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “டாக்டர் எப்ப வருவாக?” என்றார். கம்பவுண்டர் தேவசகாயம் என்னைக் காட்டினார். “இவுகளா?” என்று கேட்டவர் பசுவை அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக் கிடந்த கன்றுகளை எடுத்து இரண்டு மூன்று பசுக்களைப் பிழைக்க வைத்த பிறகுதான் நான் “டாக்டரம்மா” ஆனேன். முதல் நாள் திரும்பிப் போன மனிதர் அதே பசுவோடு மறுபடி வந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு நாய் என்றால் பயம். சிரிக்காதீர்கள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாய் என் தொடையைப் பதம் பார்த்திருந்தது. அன்றிலிருந்து மாடு, ஆடு, கழுதை எதுவானாலும் வா என்பேன். நாய் என்றால் மட்டும் உள்ளங்கை வேர்க்கும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் எங்கே போட்டார்கள் பாருங்கள்! கோம்பை நாய் பிறந்த மண்ணில். செம்பழுப்பு உடம்பு, கருத்த வாய், காட்டுப்பன்றியை நேருக்கு நேர் நின்று குரைக்கிற துணிச்சல். அடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர் எல்லோரும் ஒரு நாயாவது வைத்திருந்தார்கள். நாய் இல்லாவிட்டால் கடலை பன்றிக்குத்தான்.

அந்த ஊருக்குத் தெற்கே ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஒரு மாதம் தண்ணீர் போகும், மற்ற மாதமெல்லாம் வெறும் மணல். சாயங்காலம் மலை நிழல் விழுந்ததும் ஊர் நாய்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து அவிழ்த்துவிடுவார்கள். பதினாலு, பதினைந்து நாய்கள். யாரும் பூங்கா என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை, ஓடைமணல் என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த ஓடைமணலை மூடவேண்டும் என்று ஒரு மனு வந்தது. கொடுத்தவர் ஊரிலே எண்ணெய் மில் வைத்திருந்தவர். தேனியிலிருந்து விருந்து வந்திருந்த அவருடைய மச்சினரை அங்கே ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நாயின் பெயர் கடுக்கன். காதோரம் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், அதனால் அந்தப் பெயர். வைத்திருந்தவர் முத்துப்பேச்சி. கணவரை இழந்தவர், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். பிறத்தியாருடைய கடலைக்காட்டுக்கு அவர்தான் காவல். அவர் காவல் என்பது பேருக்கு. நிஜத்தில் காவல் இருந்தது கடுக்கன்தான்.

ஊராட்சித் தலைவர் மனுவோடு மருந்தகத்துக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் எந்தக் கல்லும் தன் மேல் விழாமல் நிற்கத் தெரிந்தவர்.

“டாக்டரம்மா, ஒரு வாரத்துல நீங்க பாத்து எழுதிக் குடுத்துருங்க. ஆபத்துன்னு எழுதுனீகன்னா எடத்தை மூடிருவோம், கடிச்ச நாயையும் கறியில மருந்து வச்சுத் தீத்துருவோம். ஆபத்து இல்லைன்னு எழுதுனீகன்னா, நாளைக்கு எவனையாவது கடிச்சா உங்ககிட்டத்தான் வருவாக.”

அவர் போனதும் நான் பேனாவைத் திறந்தேன். ஆபத்து என்று எழுதிவிட்டால் என் தலை தப்பும். எழுதியும் இருப்பேன். தேவசகாயம்தான் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். போடி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, பயந்த சுபாவம், ஆனால் மனசாட்சி மட்டும் அவரைச் சும்மா இருக்கவிடாது.

“அம்மா, நீங்க இன்னும் அந்தப் பக்கமே போகலையே” என்றார்.

“எதுக்குப் போகணும்? நாய் பல்லு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“இல்ல, பாத்து எழுதச் சொன்னாரே... அதான்.”

கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கூடுதலாகவே வந்தது. அன்று சாயங்காலமே ஓடைக்குப் போனோம். ஓடைப் பாலத்துச் சுவர் மேல் ஏறி, பத்திரமாக, மேலிருந்து பார்த்தேன்.

முதல் பார்வையிலே ஒன்று விளங்கவில்லை. கரையில் ஒரு பழைய கல்தொட்டி உண்டு. நாயோடு வருகிற ஒவ்வொருவரும் அங்கே நின்று கயிற்றை அவிழ்த்தார்கள். அவிழ்த்த கயிற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்கள். அவர் அதை வாங்கித் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, தன் நாயின் கயிற்றை வேறு ஒருவருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மணலில் இறங்கினார்கள். இறங்கியவர்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. வட்டமாக நடந்துகொண்டே இருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, ஊர் வம்பு எல்லாம் நடையிலேயே.

கீழே இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். “டாக்டரம்மா, அங்கன இருந்து பாத்தா முதுகுதேன் தெரியும். இங்கன வாங்க.”

அவர்தான் முத்துப்பேச்சி. எந்த நாயைக் கொல்லலாமா என்று பார்க்க வந்திருக்கிறேனோ அந்த நாய்க்குச் சொந்தக்காரி. முகத்தில் பகை இல்லை. தேவசகாயம் “இயேசுவே” என்று சொல்லிக்கொண்டு பாலத்திலேயே இருந்துகொண்டார். நான் கல்தொட்டி வரை இறங்கிப் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

“உங்க தோள்ல கிடக்கிறது யார் நாயோட கயிறு?” என்றேன்.

“இதா? திராட்சைத் தோட்டத்து அண்ணன் நாயி. என் கடுக்கன் கயிறு அந்தா போறாரே, அவருகிட்ட. கயிறு யாரு தோள்ல கெடக்கோ நாயி அவுக பொறுப்பு.”

“உங்க நாயை நீங்களே பாத்துக்கிட்டா என்ன?”

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “தன் நாயி தப்புப் பண்ணும்னு எவளுக்கு டாக்டரம்மா தோணும்? என் கடுக்கன் மொறைச்சா எனக்கு அது வெளையாட்டாத்தேன் தெரியும். அடுத்தவுக கண்ணுக்குத்தேன் அது மொறைப்பு. அவுக சொன்னா நான் கேட்டுக்கிறணும், கோவிக்கக் கூடாது. கோவிக்கிறவுகளுக்கு இங்கன எடம் இல்லை.”

எனக்குச் சுரீர் என்றது. ஐந்து வருடம் படித்த படிப்பில் இப்படி ஒரு வரி இல்லை. ஊர் ஊராகப் போய் உத்தியோகம் பார்த்த பின்னும் இதைவிடப் புத்திசாலித்தனமான ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. “எதுக்கு” என்பது மட்டும் தெரிந்திருந்தது. வாரம் பிறந்தால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறுகிறவர்களோடு நாய்களும் போகும். காட்டுக் காவல் நாய்களும் அதே பாதையில் திரியும். மணலில் பழகாத நாய்கள் மலைப்பாதையில் சந்தித்தால் கடித்துப் புரண்டு பள்ளத்தில் விழும், பிடிக்கப் போகிறவனும் விழுவான். பழகிய நாய்கள் மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டுப் போகும்.

ஐந்து நாள் போனேன். பார்த்ததெல்லாம் எனக்குப் பாடம். ஒரு புது நாய் வந்தால் முதல் சில நாள் உள்ளே விடமாட்டார்கள், கரை மேலேயே ஒரு சாதுவான நாயோடு கூட நடக்க வைப்பார்கள். தின்பண்டம் எதுவும் மணலுக்குள் வரக்கூடாது. பருவத்துக்கு வந்த பெட்டை வீட்டில்தான். இரண்டு நாய் விறைத்து நின்றால் ஒருவரும் கத்துவதில்லை, கல் எடுப்பதில்லை. கயிறு வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நடந்துவிடுவார்கள். நாய்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு அவரவர் பின்னால் போய்விடும். “நின்னா சண்டை வரும், நடந்தா வராது” என்பார் முத்துப்பேச்சி. அவருடைய கடுக்கனையும் பார்த்தேன். மற்ற நாய்கள் ஓடும்போது ஓடும், ஒரு குட்டி மேலே வந்து விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடிக்கிற நாயின் லட்சணம் ஒன்றும் அதனிடம் இல்லை.

அப்படியானால் மச்சினரை ஏன் கடித்தது? அந்தக் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. முத்துப்பேச்சியிடம் கேட்டால், “அன்னைக்கு நான் ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்துக்கிட்டிருந்தேன். பாக்காததை எப்படிச் சொல்றது?” என்று நிறுத்திக்கொண்டார். கயிறு வைத்திருந்த திராட்சைத் தோட்டக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் முதல் தப்பு. மனுவில் எழுதியிருந்ததையே முழு உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் முகம் சுடுகிறது.

ஆறாம் நாள் தலைவரும் மில்காரரும் காலில் கட்டோடு மச்சினரும் நேரில் பார்க்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க அரை ஊர் கரையில் நின்றது. இத்தனை பேர் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் என் கதி என்ன? ஆகக்கூடாது என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதுகாப்புக்கு என்று சொல்லி, நாய்களை அவிழ்க்கவேண்டாம் என்று உத்தரவு போட்டேன். “எல்லாரும் அவங்கவங்க நாயை அவங்கவங்க கயித்துல பிடிச்சுக்கிட்டு வரிசையா நில்லுங்க. நான் ஒண்ணொண்ணாப் பாக்குறேன்.”

முத்துப்பேச்சி ஓடிவந்தார். “வேணாம் டாக்டரம்மா. சொன்னா கோவிச்சுக்கிறாதீக. கயித்துல நிறுத்துனா நாயி மாறிரும். அதுக ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது.”

“படிச்சது நானா, நீங்களா?” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். ஐந்து நாள் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரிடம். அவர் திரும்பிப் போய், கடுக்கனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

நேற்றுவரை ஒன்றாக விளையாடிய நாய்கள், கயிறு விறைத்த மாத்திரத்தில் வேறு நாய்களாகிவிட்டன. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒன்று உறுமியது. பக்கத்து நாய் அதற்குப் பதில் சொன்னது. சொந்தக்காரர்கள் இழுக்க இழுக்க அவை இன்னும் துள்ளின. நான் வரிசையில் நாலாவது ஆள் வரைக்கும்தான் போயிருப்பேன். திராட்சைத் தோட்டத்து நாய் கடுக்கன் மேல் பாய்ந்தது. கடுக்கனும் எகிறியது. ஒருவருடைய கணுக்காலில் கயிறு சுற்றி அவர் மணலில் விழுந்தார். நான் பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கடுக்கனின் கழுத்துக் கயிற்றை எட்டிப் பிடித்தேன். அது சட்டென்று திரும்பி என் முன்கையைக் கவ்வியது. உடனே விட்டுவிட்டது. விட்டுவிட்டு வாலை ஒடுக்கிக்கொண்டு முத்துப்பேச்சியின் கால்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டது.

அந்தக் கூச்சலில் முத்துப்பேச்சியின் குரல்தான் தனியாகக் கேட்டது. “கயித்தை விடுங்க! எல்லாரும் விட்டுப்புட்டு நடங்க! அண்ணே, இழுக்காதீக, விடுங்க! ஓடை நெடுக நடங்க!”

அந்த மனிதர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! ஒருவர்கூட யோசிக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நாய்களுக்கு நடுவில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, முதுகைக் காட்டி, நடக்க ஆரம்பித்தார்கள். அதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நாய்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கயிறு மணலில் இழுபட, அவர்கள் பின்னாலேயே போயின. ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மில்காரர் கையைத் தட்டினார். “பாத்தீகளா தலைவரே! டாக்டரையே கடிச்சிருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “என்ன டாக்டரம்மா, இப்பவே எழுதிருவமா?”

உண்மையைச் சொல்கிறேன். கையிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. அந்த நிமிஷம் அந்த நாய் செத்திருந்தால் எனக்கு ஒரு துளி வருத்தம் இருந்திருக்காது. எழுதிவிடலாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். வலியிலும் அவமானத்திலும் இருக்கும்போது யாராவது பேனாவை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள், எந்தக் கேள்வியானாலும் சரி, மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். நான் சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு, ஓடையில் நடந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மச்சினர் பக்கம் திரும்பினேன்.

“அன்னைக்கு நீங்க இங்க வந்தப்ப கையில என்ன வச்சிருந்தீங்க?”

அவர் விழித்தார். “சங்கிலி.”

“சங்கிலியில?”

“எங்க அல்சேஷன். தேனியில இருந்து கூட்டிட்டு வந்தது.”

“அவிழ்க்கச் சொல்லலையா?”

“சொன்னாக. அது வெலை ஒசந்த நாயி, எப்படி அவுக்குறது? கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“நின்னீங்களா, நடந்தீங்களா?”

“நின்னுதேன். எல்லாரும் பாக்கணும்ல?”

தலைவர் மில்காரரை முறைத்தார். “ஏம்யா, மனுவுல அல்சேஷனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?”

“அதை எதுக்கு எழுதணும்? கடிச்சது அது இல்லையே” என்றார் மில்காரர். கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்க என்ன உரிமை? அந்த மச்சினர் செய்த அதே காரியத்தைத்தான், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பதினாலு நாய்களுக்குச் சேர்த்துச் செய்திருந்தேன்.

“நாய் பத்து நாள் என் மருந்தகத்துல கட்டிக் கிடக்கும். வெறி இருக்கான்னு பாக்கணும். பதினோராம் நாள் அறிக்கை தர்றேன். அதுவரைக்கும் யாரும் அதுக்கு மருந்து வைக்கக் கூடாது” என்று தலைவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நல்ல நாய்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று ஊசியைத் தள்ளிப்போடுகிற ஆட்கள் உங்களிலேயே உண்டு. அது வீரம் இல்லை, மடத்தனம். நாயைக் கொல்லாதே என்று சொல்வது வேறு, உன் உடம்பைப் பணயம் வைப்பது வேறு.

பத்து நாளும் கடுக்கன் மருந்தகத்து வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். நாலாம் நாள் அது என் கையிலிருந்து தண்ணீர்ச் சட்டியை வாங்கிக்கொண்டது, அதாவது நான் வைத்துவிட்டு ஓடாமல் நின்றேன். அன்றைக்குத்தான் முத்துப்பேச்சி பார்க்க வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ஏலே கடுக்கா” என்று அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் பொறுக்காமல் கேட்டேன், காட்டில் நிலைமை என்ன என்று.

“மொத நாளே பன்னி வந்து ஒரு மூலையைத் தோண்டிருச்சு டாக்டரம்மா. காட்டுக்காரரு, இப்படியே போனா வேற ஆளு வச்சுக்கிறேன்னுட்டாக.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். “ஆத்தே, நீங்க ஏன் கண்ணு கலங்குறீக? இப்ப ஒண்ணும் இல்லை. திராட்சைத் தோட்டத்து அண்ணன் அவரு நாயை அனுப்புறாக. நாளைக்கு இன்னொருத்தரு. மொறை வச்சு அனுப்புறாக.”

“அடுத்தவங்க நாய் உங்க பேச்சைக் கேக்குமா?”

“கேக்காம? அதுக கயிறு எத்தனை நாளு என் தோள்ல கெடந்திருக்கு!”

அந்த ஒரு பதிலில் என் கேள்வி தீர்ந்தது. ஓடைமணலுக்குப் போவதால் என்ன பிரயோசனம் என்று அறிக்கையில் எழுத எனக்கு வரி கிடைத்துவிட்டது. எந்த நாய் கடுக்கன் மேல் பாய்ந்து, அதனால் இந்தப் பாடெல்லாம் வந்ததோ, அதே நாய்தான் இப்போது முத்துப்பேச்சியின் காவல்காட்டைக் காத்தது. கண் கலங்குகிறது என்று அவர் சொன்னாரே, அது அப்போது வழிந்தேவிட்டது. மறைக்கவில்லை.

பத்தாம் நாள் அறிக்கையை எழுதி, தட்டச்சு செய்யத் தேவசகாயத்திடம் கொடுத்தேன். வாசித்தவர் முகம் வெளிறிவிட்டது. “அம்மா, ‘இரண்டு கடிக்கும் காரணம் நாய்களைக் கட்டிப் பிடித்து நிறுத்தியது. முதலாவதற்கு விருந்தாளி பொறுப்பு. இரண்டாவதற்கு, இடத்தின் வழக்கத்தை மீறி உத்தரவிட்ட நானே பொறுப்பு’ன்னு எழுதியிருக்கீக. இதோட நகல் மேல போகுமே. பிரொபேஷன்ல இருக்கீகளே!”

“அடிங்க” என்றேன்.

“அந்தக் கடைசி வரியை மட்டுமாவது...”

“அடிங்கன்னா அடிங்க, தேவசகாயம்.”

அடித்தார், ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே. ஆபத்தே இல்லை என்று நான் எழுதவில்லை. வெளியாட்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதை மணலுக்கு நடுவே போகிறது, முள்வேலி போட்டு அதைக் கரை மேல் திருப்புங்கள், சங்கிலியோடு யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று எழுதினேன். இவர்கள் இருக்கிறவரை, இந்த வழக்கம் இருக்கிறவரை இந்த இடம் பத்திரம் என்று எழுதினேன். இடத்துக்கு நற்சான்று கொடுக்கவில்லை, மனிதர்களுக்குத்தான் கொடுத்தேன்.

அது எவ்வளவு சரி என்று சில வருடம் கழித்து வேறொரு ஊரில் பார்த்தேன். இதைக் கேள்விப்பட்டு அங்கேயும் ஒரு திடலில் நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். சுற்றிலும் கம்பிவேலி, அருமையான நிழல், தண்ணீர்த் தொட்டிகூட உண்டு. கயிறு மாற்றுவது மட்டும் கிடையாது. சொந்தக்காரர்கள் ஒரு மூலையில் கூடி நின்று அரசியல் பேசினார்கள். “என் நாயா? சும்மா விளையாடுது சார்” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, இங்கே வராதீர்கள் என்று என்னைக் கூட்டிப்போனவரிடம் சொன்னேன். அந்த மாதமே அங்கே ஒரு நாய்க்கு நான் தையல் போடவேண்டி வந்தது.

ஆகையால் தம்பி, கேட்டு வருகிறவரிடம் “அது உங்கள் நாயைப் பொறுத்தது” என்று சொல்லாதீர்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாய்களைப் பார்க்கவேண்டாம், மனிதர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கிறார்களா, நடக்கிறார்களா? உங்கள் நாய் முறைக்கிறது என்று அடுத்தவர் சொன்னால் நன்றி என்கிறார்களா, சண்டைக்கு வருகிறார்களா? அதைப் பார்த்து வந்து சொன்னால் உங்களால் பதில் சொல்ல முடியும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

என் பிரொபேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. மேலேயிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது, நானும் எழுதினேன். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் பதினோராம் நாள் சாயங்காலம்தான் நடந்தது.

காலையிலேயே தலைவர் அறிக்கையை ஊர் முன்னால் வாசித்திருந்தார். ஓடைமணல் இருக்கும், கடுக்கன் பிழைத்தது என்று முடிவாகிவிட்டது. நானே அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓடைக்குக் கூட்டிப்போனேன். கையில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. கல்தொட்டிக்குப் பக்கத்தில் முத்துப்பேச்சி காத்திருந்தார். நாய் அவரைப் பார்த்த வேகத்தில் என்னைக் கீழே தள்ளாத குறை.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். “அன்னைக்கு நான், படிச்சது நானா நீங்களான்னு...” என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. குனிந்து கடுக்கனின் கயிற்றை அவிழ்த்தார். நிமிர்ந்தார். வழக்கம்போலத் திராட்சைத் தோட்டக்காரரிடம் நீட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, அதை என் தோளில் குறுக்காகப் போட்டார்.

“நீங்க பாத்துக்கங்க” என்றார்.

சுற்றிலும் பதினாலு நாய்கள், ஒன்றின் கழுத்திலும் கயிறு இல்லை. அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு நடுவே என் கால் அந்தக் கல்தொட்டியைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. கை வேர்த்தது, கண்ணும் வேர்த்தது. மணலில் இறங்கி ஓர் அடி வைத்துவிட்டு அப்படியே மலைத்து நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து முத்துப்பேச்சி சொன்னார். “நடங்க டாக்டரம்மா. நின்னுறாதீக.”

நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கடுக்கன் என் பின்னால் வந்துகொண்டிருந்தது.